மூன்று பெட்டியும் இரண்டு ரின்னும்

"பெட்டிக்குள்ள என்ன ரீச்சர்?" கூடார வாசலில் முகாமில் இருக்கும் கண்ணகை கேட்டாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசையே நின்றது.

மங்கையற்கரசி ரீச்சருக்கு அலுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தைக் கடல் கொண்டுபோன பிறகு பெரியகல்லாற்று முகாமில்தான் வகுப்பு. இன்றைக்குப் பார்த்துக் கல்வி அதிகாரி வருகிறார். பாடம் ஒழுங்காக நடக்கவில்லை என்றால் இந்தக் கூடாரத்தையும் மூடிவிடுவார்கள். பிள்ளைகள் பிறகு எங்கே போவது?

அதனால்தான் கரும்பலகையில் 3x + 2 = 14 என்று எழுதியதை அப்படியே மேசையிலும் அடுக்கியிருந்தார். மூடிய பெட்டி மூன்று, மீன் அடைத்து வந்த தகர ரின் இரண்டு, நடுவில் ஒரு தடி, அந்தப் பக்கம் பதினாலு ரின். ரின் எல்லாம் வெறும் ரின். ஆனால் முகாமில் மேசையில் பெட்டியைக் கண்டால் போதும், சனம் முதலில் வரிசையில் நிற்கும்; எதற்கென்று பிறகுதான் கேட்கும்.

"நிவாரணம் இல்ல கண்ணகை, கணக்குப் பாடம். உள்ளுக்கு எத்தனை எண்டு தெரியாது. அதுதான் x."

"மறைச்சு வச்சிருக்காங்க எண்டா நல்ல சாமான்தான்!"

வரிசை நீண்டது. வழியால் போன ஒருவரும் பையோடு வந்து ஒட்டிக்கொண்டார்.

"x க்கு முன்னால இருக்கிற மூண்டு குணகம். மூண்டு பெட்டி எண்டு காட்டுது."

"ஐயோ, மூண்டே மூண்டாம்!" பின்னால் நின்றவர்கள் தள்ளத் தொடங்கினார்கள்.

"அப்ப அந்த ரெண்டு ரின்?"

"அது மாறிலி. எப்பவும் ரெண்டுதான், மாறாது."

"முன்னுக்கு நிக்கிறவங்களுக்குத்தானே! அது எண்டைக்கு மாறினது?" என்றாள் கண்ணகை.

ரீச்சர் தடியைத் தொட்டுக் காட்டினார். "இது சமன் குறி. ரெண்டு பக்கமும் சமன்."

"இந்த முகாமிலயா?" வரிசை முழுக்கச் சிரித்தது.

திரும்பிப் பார்த்தால் வகுப்பில் ஒரு பிள்ளை இல்லை. எல்லாம் அம்மாமாருக்கு இடம் பிடிக்க ஓடியிருந்தன. ரீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு பெட்டியைக் கிழித்து மேசையில் கவிழ்த்தார். நாலு வெறும் ரின் உருண்டன.

"சே! இதுக்கா இந்த வெயில்ல நிண்டம்?"

வரிசை கலைந்தது. பையோடு வந்தவர் மட்டும் அசையவில்லை.

"உங்களுக்கு வேற சொல்லணுமா? ஒண்டும் இல்ல, போங்க!"

"விளங்குது ரீச்சர், x நாலு. வகுப்பப் பார்க்க வந்த அதிகாரி நான்தான். வரிசையக் கண்டா கால் தானா நிண்டிருது. நானும் முகாமிலதான் இருக்கன்."