மேலங்கித் தூசியில் அகப்பட்ட சர்க்கரை

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் ஜோலீன் எழுதுவது. இங்கே நான் சுகம், விடுதிச் சாப்பாடும் தொண்டையில் இறங்குகிறது. அயோவா பனியில் நீங்களும் அம்மாவும் வழுக்காமல் நடமாடுவீர்கள் என நம்புகிறேன். போனில் எனக்குப் பேச்சு வராததால் இந்தக் கடிதம்.

கல்லூரி ஆய்வுக் கண்காட்சிக்கு உங்களை அழைத்தபோது, "எல்லாரோட அப்பாவும் டாக்டரு, வக்கீலு. சுவத்துக்குப் பலகை அடிக்கிறவன் வந்து என்னத்தம்மா புரிஞ்சுக்கப் போறேன்?" என்றீர்களே, அது சரிதான். வரவேண்டாம். பாதை நீளம், வேலையும் கெடும்.

ஆனால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். எக்ஸ் கதிர்க் கருவியில் வைக்க ஆளுக்கொரு பொடி கொண்டுவரச் சொன்னார் பேராசிரியர் ஹால்வர்சன். மற்றவர்கள் எரிமலைச் சாம்பல், ஆற்றுமணல் என்று கொண்டுவந்தார்கள், என்னிடம் இருந்தது என்னை இங்கே விட்டுப்போன அன்று நீங்கள் கழற்றி என் தோளில் போட்ட மேலங்கி ஒன்றுதான். வீட்டு வாசனை போய்விடுமென்று அதை இன்னும் துவைக்கவில்லை. அதன் பையைத் தட்டித் தூசி எடுத்தேன், முழுவதையும் எடுக்க மனம் வராமல் கொஞ்சமாக வைத்தேன், அதுதான் தப்பு. ஒவ்வொரு படிகமும் கதிரைத் தன் வழியில் சிதறடித்துத் திரை வரைபடத்தில் தனக்கென்று முகடுகளைக் காட்டும். என் படத்திலோ அலுமினியம் மலைபோல் நின்றது. எங்கப்பா மேலே அலுமினியம் என்று நான் வாய்விட்டுச் சொல்ல, பக்கத்து மேசை கிர்ஸ்டன், "உங்கப்பா என்னடி, தகர டப்பாவா? பொடி பத்தல, கதிர் அடித்தட்டுல பட்டிருக்கு. அது தட்டோட அலுமினியம்!" என்று சிரித்ததில் ஆய்வகமே திரும்பிப் பார்த்தது. மேசைக்கடியில் போய்விடலாம் போலிருந்தது.

மறுபடி நிறையப் பொடி வைத்தேன். நீங்கள் சுவரில் அடிக்கிற சுண்ணப் பலகையிலிருந்து ஜிப்சம் வந்தது, மணலிலிருந்து குவார்ட்ஸ் வந்தது, உங்கள் கையே திரையில் ஏறினதுபோல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடவே சின்னச் சின்ன முகடுகள் கூட்டமாக வந்தன. தேடிப் பார்த்தால் சர்க்கரை! "ஆளு டோனட் தின்னுருக்காரு," என்றாள் கிர்ஸ்டன். டாக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்ன பிறகு வாங்கின மேலங்கி அது, அப்பா. அம்மா, இதை நீ முதலில் பிரித்திருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடு.

அம்மாவுக்கு முத்தம், உங்கள் முதுகுவலிக்கு என் விசாரிப்பு. இருவரும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

அன்பு மகள்,
ஜோலீன்

பி.கு.: வரவேண்டாம் என்று எழுதியதை நம்பிவிடாதீர்கள். வாருங்கள். கண்காட்சியில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று நான் விளக்க வேண்டுமாம். முன்பின் தெரியாதவர்கள் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் எதிரே நில்லுங்கள். புரிந்த மாதிரி தலையாட்டாதீர்கள், வீட்டில் கேட்கிற மாதிரி "என்னது?" என்று சத்தமாகக் கேளுங்கள். உங்களுக்குச் சொல்வதென்றால் நான் சொல்லிவிடுவேன்.