சட்டையைப் பிடிக்க ஆளில்லாத மென்பொருள்

அன்பும் அறிவும் ஒருங்கே வாய்த்த, அதனாலேயே எனக்கு இன்னல் விளைத்த மைத்துனருக்கு, மெத்தைத் தொழிற்சாலையின் மேலாளரும் உன் அக்காள் கணவனுமாகிய நான் எழுதுவது. இங்கு யாவரும் நலம், என் பதவி நீங்கலாக.

"யார் வேணா திறந்து பாக்கலாம் அத்தான், யார் வேணா திருத்தலாம்" என்று கூறி, எங்கள் கிடங்குக் கணினியில் நீ ஏற்றிவைத்த கட்டற்ற மென்பொருள், தலையணை என்று பதிந்ததை மெத்தை என்று சீட்டு அடித்துத் தந்தது. தலையணை கேட்ட விடுதிக்காரர், நடைவழியெங்கும் குவிந்த மெத்தைகளின்மீது ஏறி வந்துதான் தொலைபேசியை எடுத்தாராம். பிழையைப் பொறுப்பேன் தம்பி. பழைய நிறுவனத்தின் மென்பொருளும் தவறியதுதான். ஆனால் அங்கே திட்டுவதற்கு ஒருவர் இருந்தார். நான் முழங்குவேன், அவர் "பாத்துட்டே இருக்கோம் சார்" என்பார், ஆண்டு முழுவதும் பார்த்தார், ஒன்றும் திருந்தவில்லை, ஆயினும் எனக்கு உறக்கம் வந்தது. இன்றோ முதலாளி என்னை நிற்கவைத்துக் கேட்கிறார்: "இது கெட்டுப்போனா நான் யார் சட்டையப் பிடிக்கிறது? நாளைக்குள்ள ஒரு ஆளக் காட்டுங்க. இல்லேன்னா அதையும் தூக்குங்க, நீங்களும் கெளம்புங்க."

ஆளைத் தேடி, அம்மென்பொருளார் இணையத்தில் குறை கேட்கும் பொதுப்பக்கத்தில் புகுந்தேன். "தலையணைக்கும் மெத்தைக்கும் வேற்றுமை அறியாத தகைமையாளர்களே" என்று தொடங்கித் திசையெட்டும் நடுங்க ஒரு கண்டன உரை தீட்டினேன். தேநீர் ஆறுமுன் விடை வந்தது. "ரொம்ப நன்றிங்க. இவ்ளோ விளக்கமா யாரும் குறை சொன்னதே இல்ல. சரி பண்ணியாச்சு, பாருங்க." பார்த்தேன், சரியாகியிருந்தது. கிளம்பிய சினத்தை எங்கே இறக்கிவைப்பேன்? "உம் மேலாளர் யார்?" என்றேன். "அப்படியெல்லாம் யாரும் இல்லீங்க. நான் பல் டாக்டர். ஆசைக்குப் பண்றேன்." பல் மருத்துவரின் சட்டையை எந்த உரிமையில் பிடிப்பது? நன்றி சொல்பவரை எந்த வாயால் ஏசுவது? அதட்ட ஒருவருமின்றி வேலை மட்டும் ஒழுங்காக நடக்குமானால், மேலாண்மை என்னும் மாண்புமிகு கலை என்னாவது?

ஆகவே நாளைக் காலை முதலாளி வருமுன் வந்து, அம்மென்பொருளை வேரோடு பிடுங்கிச் செல்.

உன் நீடுவாழ்வை வாழ்த்தும், உன்னை மன்னிக்காத,
அத்தான்

பி.கு.: வரவேண்டாம். பல் மருத்துவர் மீண்டும் எழுதியிருக்கிறார்: "நீங்க நல்லா எழுதுறீங்க. இதுல வர்ற தமிழ் அறிவிப்பெல்லாம் நீங்களே பாத்துக்குறீங்களா? பொறுப்பாளர்கள்ல உங்க பேரையும் போட்டுடறேன்." மறுக்க என் தமிழ் நெஞ்சம் இடம் தரவில்லை. முதலாளியை அழைத்துச் சொன்னேன். "அட, ஆளு நம்மகிட்டயே இருக்காரா? அப்ப அது இருக்கட்டும்" என்று மகிழ்ந்தார். நாளை முதல் அவர் பிடிக்கவேண்டிய சட்டை என்னுடையது. உன் அக்காள் அதைத் தேய்த்துக்கொண்டே சொல்கிறாள்: "பொத்தானெல்லாம் இறுக்கித் தெச்சிருக்கேன். யார் வேணா பிடிக்கட்டும்."