என் மனுவுல என்ன வேக்?

கத்துனேன் தாசில்தார் சார், ஒத்துக்கறேன். ஆனா ‘காரணமே இல்லாம கத்தினார்’னு ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டீங்க பாருங்க, அத ஒத்துக்க மாட்டேன். காரணத்த எழுதிக் குடுத்ததே உங்க ஆபீஸ்தான். ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்த. ‘வேக்’ (vague).

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நான் கவியா, ஊரு அடி அண்ணாமலை. எங்க வீட்ல மொத மொத காலேஜ் போகப்போற ஆளு. முதல் பட்டதாரி சான்றிதழ் குடுத்தா ஃபீஸ் கம்மி. இல்லனா சீட்ட விட்டுட்டு, பௌர்ணமிக்கு எங்கம்மா கூட கிரிவலப் பாதையில எலுமிச்ச ஜூஸ் விக்க வேண்டியதுதான். வெள்ளிக்கெழம கடைசி நாள். மனு திரும்பி வந்துடுச்சு. காரணம்: வேக்.

தாலுகா ஆபீஸ்ல மொத கவுண்டர், அருண்பிரசாத் சார்.

“இதுல என்ன சார் வேக்?”

“அது தெளிவா தெரிஞ்சா வேக்னு ஏம்மா எழுதறோம்?”

“எந்த எடம்னு சொன்னா திருத்திக் குடுத்துடுவேன்.”

“எடத்தச் சொல்லிட்டா அது வேக் இல்லனு ஆயிடும். அப்புறம் ஆபீஸ் பொய் எழுதுச்சும்பாங்க. மாடில ரேவதி மேடத்தக் கேளு.”

ரேவதி மேடம் கண்ணாடிய ஏத்தி விட்டுக்கினு படிச்சாங்க.

“குடும்பத்துல யாரும் பட்டதாரி இல்லனு எழுதியிருக்க. யாரும்னா யாரு?”

“யாருமே இல்ல மேடம்.”

“அதான், அந்த இல்லாதவங்க பேர் எங்க? ஒவ்வொருத்தரும் படிக்கலனு பள்ளிக்கூடத்துல சர்டிபிகேட் வாங்கினு வா.”

போனேன் சார். எங்க தாத்தா படிக்கலனு எழுதிக் குடுங்கனு ஹெட்மாஸ்டரக் கேட்டேன்.

“அவரு எங்க ஸ்டூடண்ட்டே இல்லயேம்மா. சம்பந்தமில்லாதவருக்கு எப்பிடிக் குடுக்கறது? இங்க சேந்து படிச்சிருந்தார்னா, படிக்கலனு தாராளமா குடுத்துருப்பேன்.”

திரும்ப ரேவதி மேடம். அவங்க அருண்பிரசாத் சார்ட்ட அனுப்புனாங்க. அவரு உங்க ரூமக் காட்டுனாரு. நீங்க மீட்டிங். மலையச் சுத்துனாலும் பொறப்பட்ட எடத்துக்கேதான் வந்து சேருவோம், ஆனா அங்க புண்ணியமாவது உண்டு.

புளியமரத்தடில உக்காந்து போன்ல அகராதியப் பாத்தேன். வேக்னா தெளிவில்லாததாம். பொறந்த கதையும் போட்டிருந்தான். லத்தீன்ல அதுக்கு ‘அலையறது’னு அர்த்தமாம். அங்கேருந்து அலைஞ்சு, பிரான்சுல கொஞ்ச காலம் திரிஞ்சு, இங்கிலீஷுக்கு வந்து, கடைசியா நம்ம தாலுகா ஆபீஸ்ல செட்டில் ஆயிடுச்சு. அருண்பிரசாத் சார்ட்ட காட்டுனேன். அவரு மொகம் மலர்ந்துடுச்சு.

“பாத்தியா? அலையறதுதானே அர்த்தம்? நாங்களும் கரெக்டா எழுதியிருக்கோம், நீயும் கரெக்டா பண்ணினு இருக்க.”

“இந்த வார்த்தைய யாரு சார் இங்க கொண்டாந்தது?”

“நம்ம தாசில்தார் சார்தான். ட்ரெயினிங் போனப்ப கத்துக்கினு வந்தாரு. முன்னல்லாம் ‘ஆவணம் போதாது’னு எழுதுவோம். ஜனங்க என்ன ஆவணம்னு கேட்டு, கரெக்டா எடுத்துனு வந்துடுவாங்க. இதுல அந்தத் தொல்ல ஜாஸ்தி இல்ல.”

எனக்குப் பின்னாடி பட்டா மனுவோட பாஞ்சாலை அக்கா நின்னாங்க. அவங்களுக்கும் வேக். அந்த வரிசை மொத்தத்துக்கும் வேக். என்னக்கா தப்புனு கேட்டேன்.

“அவங்களே எழுதியிருக்காங்கன்னா நம்ம மேலதான் ஏதோ இருக்கும்மா.”

அங்கதான் சார் கத்துனேன்.

ராத்திரி குரூப்ல உங்க விளக்கம் வந்துது. நான் காரணமே இல்லாம கத்துனேன்னு ஒரு வரி, அதுக்குக் கீழ ‘மேற்படி மனு மீது உரிய நேரத்தில் உரிய முறையில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.’ கீழ வரிசையா தம்ஸ் அப். பாஞ்சாலை அக்கா தம்ஸ் அப். ஹெட்மாஸ்டர் ரெண்டு தம்ஸ் அப், ஒரு கும்புடு. எல்லாருக்கும் மொதல்ல போட்டது யாருனு பாத்தா எங்கம்மா. கேட்டா, “பெரியவங்க போட்டிருக்காங்க, மரியாதைக்கு அமுக்குனேன்”ங்குது.

அதனால கேள்வி சாருக்கு மட்டுமில்ல. கட்டவெரலத் தூக்குன அத்தன பேருக்கும்தான். உரிய நேரம்னா எப்போ? உரிய முறைனா எது? என் மனுவுல என்ன வேக்? தனியா ஃபோன் பண்ணாதீங்க, ரூமுக்குக் கூப்புடாதீங்க. இதே குரூப்ல, எல்லாரும் பாக்கற மாதிரி, வெள்ளிக்கெழமைக்குள்ள பதில் போடுங்க.

அம்மா, நீயும்தான்.