பிள்ளையின் பெயர்: கலைவாணி

பயந்துபோன தாய்க்கு எதையும் படித்துப் பார்க்கும் பொறுமை இருக்காது. இருமல் மருந்து போத்தலைக்கூடக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாக வாசிக்கிறவள், பிள்ளைக்கு ஆபத்து என்று காதில் விழுந்துவிட்டால், கண்முன் வருகிற பொத்தானையெல்லாம் அமுக்கிவிடுவாள். நான் அமுக்கினேன். அதுவும் சரமாரியாக.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். பல்வலிக்காரர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். கூட வருகிறவர்கள் அவர்களுக்கும் சேர்த்துப் பேசுவார்கள். அப்படி ஒரு நாள் ஒரு அம்மா, தன் அக்கா மகளுக்கு நடந்ததைச் சொன்னார். கைப்பேசி விளையாட்டில் பழக்கமான ஒரு தோழி, அடிக்கடி போட்டோ கேட்டுக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் விசாரித்தால் அந்தத் தோழிக்கு மீசை இருந்ததாம்.

என் மகள் தர்ஷினிக்கு அப்போது பதினைந்து வயது, பள்ளியில் படிவம் மூன்றில் இருந்தாள். போனைப் பார்த்து அவள் சிரித்தாலே, மறுமுனையில் ஒரு மீசை இருப்பதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

அன்று மாலையே, பிள்ளைகளின் போனைக் கண்காணிக்கும் செயலி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ஆந்தைப் படம் போட்டது. இலவசம். (இலவசம் என்றால் நான் கேள்வி கேட்பதில்லை. கடையில் சோப்போடு கொடுத்த பிளாஸ்டிக் வாளிகளே எங்கள் வீட்டில் ஒரு மூலையை அடைத்துக்கொண்டிருக்கின்றன.) கணவர் சேகரிடம் காட்டினேன்.

“அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடலாமே வாணி” என்றார்.

“சொன்னா விடுவாளாங்க? மறைச்சுப் போட்டாத்தான் வேலை செய்யும்” என்றேன் பெரிய துப்பறியும் அதிகாரி மாதிரி.

சனிக்கிழமை காலை தர்ஷினி குளிக்கப் போன நேரத்தில் காரியத்தில் இறங்கினேன். என் போனில் ஆந்தை பெயர் கேட்டது, கலைவாணி என்று போட்டேன். பிறகு கேட்டது: தொடர்புப் பட்டியலைப் பார்க்கலாமா? அனுமதி. குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா? அனுமதி. மைக்கைத் திறக்கலாமா? இருக்கும் இடத்தை அறியலாமா? அனுமதி, அனுமதி. வீட்டுச் சாவியைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

அடுத்து ‘பெற்றோரா? பிள்ளையா?’ என்று கேட்டது. யாரைக் கண்காணிக்க வேண்டும் என்று கேட்கிறது என நினைத்து, என் போனில் ‘பிள்ளை’யை அமுக்கினேன். தர்ஷினியின் போனில் அவள் பள்ளிக்கூடம், பிறந்தநாள், விலாசம், படம் எல்லாம் கேட்டது, கொடுத்தேன்; பிறகு அங்கேயும் அதே கேள்வி. யார் கண்காணிக்கப் போகிறார் என்று கேட்கிறதாக்கும் என்று அங்கே ‘பெற்றோர்’. உண்மையில் அது கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் போன் யாருடையது? பாவம், என்னைப் பெற்றவள் என்று என் மகளை அது முழுமனதாக நம்பிவிட்டது.

கடைசியாக, அவசரத்துக்கு ஒரு நம்பிக்கையான பாதுகாவலர் வேண்டும் என்றது. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போனை எடுப்பவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்தான். கிள்ளானில் இருக்கும் என் கணவரின் அக்கா, மரகதம் அண்ணி. அவர் எண்ணைப் போட்டு, கூப்பிட்டும் சொன்னேன்.

“அண்ணி, ஒரு ஆந்தை லிங்க் வரும். அமுக்கிடுங்க. தர்ஷினி பாதுகாப்புக்கு.”

“வந்திருச்சு, அமுக்கிட்டேன்லா” என்றார். எங்கள் குடும்பத்தில் யாருமே படித்துப் பார்ப்பதில்லை.

என் போனில் ஆந்தை கண்ணை மூடித் தூங்கியது. மகளைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. அவள் நல்ல பிள்ளை, அதனால்தான் ஒன்றும் வரவில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் அண்ணி வீட்டில் விருந்து. அவர் மகனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் குடும்பம் முதல் முறையாகச் சாப்பிட வருகிறது. ஆட்டிறைச்சிப் பிரட்டல் வாசம் தெருமுனை வரைக்கும் வந்தது. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உள்ளே நுழைந்ததும், சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் முன்னால் அண்ணி கேட்டார்:

“என்னா வாணி, இன்னும் ஏறிட்டியா? இப்ப எத்தனை கிலோ?”

நான் சிரித்தேன். (உள்ளுக்குள் சிரிக்கவில்லை.) சமையலறைப் பக்கம் ஒதுங்கி, என் தங்கை உஷாவுக்குத் தட்டினேன். கோபம் வந்தால் எனக்கு ஆங்கிலம் தானாக வந்துவிடும். ‘எல்லார் முன்னாலயும் எத்தனை கிலோன்னு கேக்குறாங்க. ஒன் டே ஐ வில் கில் திஸ் வுமன்லா.’ தட்டியதும் மனம் லேசானது. அப்பளத் தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

அப்போது சாப்பாட்டு மேசையில் ஆந்தை அலறியது.

அலறியது அண்ணியின் போன். ஆபத்துச் செய்தி என்பதால் உச்சக் குரலில் அலறியது. அண்ணி கண்ணாடியைத் தேடினார், கிடைக்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த மணப்பெண்ணிடம் போனை நீட்டினார்.

“அம்மாடி, என்னா வந்திருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லேன்.”

அந்தப் பெண் மிகவும் மரியாதையானவள். வருங்கால மாமியார் முதன்முதலாகச் சொன்ன வேலை. நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவான குரலில், தமிழாக்கி வாசித்தாள்.

“உங்கள் பிள்ளை கலைவாணி வன்முறை எண்ணத்தில் இருக்கிறார். அவரிடம் கோபப்படாமல் அன்பாகப் பேசவும். அவர் அனுப்பிய செய்தி... எல்லார் முன்னாலயும் எத்தனை கிலோன்னு கேக்குறாங்க. ஒரு நாள் இந்தப் பொம்பளைய நான்...”

அங்கே நிறுத்தினாள். ஆனால் அவளுடைய தம்பி எட்டிப் பார்த்து மிச்சத்தையும் வாசித்துவிட்டான்.

சம்பந்தி கையில் எடுத்த பிரட்டல் வாய்க்குப் போகாமல் நின்றது. அப்பளத் தட்டு என் கையில் தானாகச் சத்தம் போட்டது. சேகர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை ஆழ்ந்து படிக்க ஆரம்பித்தார்.

அண்ணி என்னை மேலும் கீழும் பார்த்தார். “கேட்டது தப்புதான். அதுக்குன்னு கொல்லணுமா வாணி?”

“அண்ணி, அது சும்மா... பேச்சுக்கு...”

“சாப்பிட்டுட்டுக் கொல்றியா, இப்பவேவா?”

சம்பந்தியம்மாள்தான் முதலில் சிரித்தார். “எங்க நாத்தனாரைப் பத்தி நான் தட்டுனதெல்லாம் அவங்களுக்கே போயிருந்தா, நான் இன்னிக்கு ஜெயில்லதான் இருப்பேன்!” என்றார். அதற்குப் பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது சிரிப்பினால் வந்தது என்று எல்லோரும் நாகரிகமாக நம்பினார்கள்.

வீடு திரும்பும்போது நெடுஞ்சாலையில் நெரிசல். கார் ஊர்ந்தது. பின்சீட்டிலிருந்து தர்ஷினி மெதுவாகச் சொன்னாள்.

“அம்மா, என் போன்லதான் நீங்க எங்க இருக்கீங்க, யாருக்கு மெசேஜ் போடுறீங்க எல்லாம் வருது. நேத்துக் குளிச்சிட்டு வந்ததுமே பார்த்தேன்.”

முன்சீட்டிலிருந்து முழுதாகத் திரும்பினேன். “படிச்சியா?”

“இல்ல. மேல ரெண்டு வார்த்தை தெரிஞ்சது, உடனே மூடிட்டேன். உங்க மெசேஜ் உங்களோடது. நீங்களே வந்து சொல்வீங்கன்னு காத்திருந்தேன்மா.”

விருந்தில் பட்ட அவமானம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. அந்த வாய்ப்பு எனக்குக் கிடைத்திருந்தால், தேதி வாரியாகப் படித்து முடித்திருப்பேன். எனக்கே அது தெரியும்.

“தப்பு பண்ணிட்டேன்” என்றேன். “அந்த மீசைக் கதையைக் கேட்டு பயந்துட்டேன்.” பிறகு முழுக்கதையையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தன்னிடமும் ஒருவன் போட்டோ கேட்டதாகவும், அவனைத் தடுத்துவிட்டதாகவும், என்னிடம் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவேன் என்று பயந்ததாகவும் சொன்னாள். ஆந்தை எத்தனை ஆண்டு விழித்திருந்தாலும் எனக்குக் கிடைக்காத செய்தி அது. பிடுங்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செயலியை நீக்கப் போனேன். ‘பெற்றோரின் அனுமதி தேவை’ என்றது ஆந்தை. எதிரில் அமர்ந்திருந்த தர்ஷினியின் போன் ஒலித்தது. உங்கள் பிள்ளை இந்தச் செயலியை நீக்க விரும்புகிறார், அனுமதிக்கிறீர்களா?

“அனுமதி கொடுடி.”

“காரணம் கேக்குதும்மா. என்னா போட?”

“அம்மா திருந்திட்டான்னு போடு.”

போட்டாள். ஆந்தை போய்விட்டது. கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து மருத்துவமனையில் இருந்தபோது ஒரு டியூஷன் நிலையத்திலிருந்து அழைப்பு. “மேடம், உங்க பிள்ளை கலைவாணி ரொம்ப நேரம் சீரியல் பார்க்கிறாங்க. கவனம் குறையுது. எங்ககிட்ட ஒரு வகுப்பு இருக்கு...”

நான் போனில் சீரியல் பார்ப்பது என் கணவருக்கே முழுதாகத் தெரியாது. இவனுக்கு எப்படித் தெரியும்? “யார் கொடுத்தது இந்தத் தகவல்?” என்று கேட்டேன். உடனே வைத்துவிட்டான். செயலியை நீக்கினாலும், அது உறிஞ்சியது எங்கோ விலை பேசப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. தர்ஷினியின் பள்ளிக்கூடம், பிறந்தநாள், படம் எல்லாவற்றையும் அந்த ஆந்தைக்கு ஊட்டியது நான்தான். மீசைக்காரனிடமிருந்து காப்பாற்றக் கிளம்பி, மகளின் விலாசத்தை ஊர் பேர் தெரியாத ஒருவனிடம் கொடுத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து பிடித்தேன் ஒரு பிடிவாதம். தர்ஷினி அந்த நிறுவனத்தின் விதிமுறைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். ‘எங்கள் கூட்டாளிகளுடன் பகிர்வோம்’ என்று நடுவில் ஒரு வரி, பொடி எழுத்தில் படுத்திருந்தது. எங்கள் தகவல் அத்தனையையும் அழிக்கச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை. மதிய உணவு வேளையெல்லாம் எழுதினேன். இயந்திரம் நன்றி சொன்னது. இயந்திரத்துக்கும் பதில் எழுதினேன். அரசாங்கத்துக்கும் புகார் அனுப்பி, அதன் நகலை அவர்களுக்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் ஒரு மனிதன் பதில் போட்டான்: அழித்துவிட்டோம். நான் நம்பவில்லை. எங்கே அழித்தீர்கள், யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். விடுவதாக இல்லை.

இப்போது மருத்துவமனைக்கு வரும் தாய்மார்கள் எந்தச் செயலி நல்லது என்று கேட்டால், “முதல்ல பிள்ளைகிட்ட கேளுங்க, அப்புறம் அந்தப் பொடி எழுத்தைப் படிங்க, அதுக்கப்புறமும் துணிச்சல் இருந்தா போடுங்க” என்கிறேன். பெரும்பாலும் அங்கேயே போனை மூடி வைத்துவிடுவார்கள்.

மரகதம் அண்ணி மட்டும் என்னை மன்னிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அவருடைய மருமகளாக வந்துவிட்ட அந்தத் தெளிவான குரல்காரிதான் இப்போது விருந்துகளில் பரிமாறுகிறாள். போன தீபாவளிக்கு நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளிருந்து அண்ணியின் குரல் கேட்டது:

“பிள்ளை வந்திருச்சு! கோபப்படாம, அன்பாப் பேசுங்க!”