பெரிய மாப்பிள்ளையும் நாலு பருவத் தேயிலையும்

டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டார் பெரிய மாப்பிள்ளை. குப்பென்று குளியலறை வாசனை வந்தது.

மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தார். அதுவும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. மூன்றாவதும் நான்காவதும் கேட்கவே வேண்டாம். நாலு டப்பாவும் சுத்தபத்தமாக மணந்தன.

இதில் அவர் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. டப்பாவுக்கு ஒன்றாகச் சோப்புத் துண்டை மெல்லிய காகிதத்தில் சுற்றி உள்ளே ஒளித்து வைத்ததே அவர்தான். தேயிலைக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பது தேயிலைக் கடையில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். ஆக, வேலை கச்சிதமாக முடிந்திருந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம்.

ஆனால் அரை மணி நேரத்துக்கு முன்னால் மாமனார் கல்லாவில் உட்கார்ந்தபடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

"மாப்பிள்ளை, ஸ்டோர் ரூம் சாவி உங்ககிட்டதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அந்த நாலு டப்பாவுக்கும் நீங்கதான் பொறுப்பு. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்களைத்தான் கேப்பேன்."

சோப்பை வைத்தது நேற்று. இதைச் சொன்னது இன்று. மனுஷன் ஒரு நாள் முன்னால் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

மாமனாருக்கு ஒரு தேயிலைக் கடை, இரண்டு பெண்கள், இரண்டு மாப்பிள்ளைகள். பெரிய மாப்பிள்ளை கல்யாணம் ஆன நாளிலிருந்து கடையே கதி என்று கிடப்பவர். மூட்டை மூட்டையாக வரும் அன்றாடத் தேயிலையை அள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பேரம் பேசி வாங்குவது அவர் வேலை. கடை ஓடுவதே அந்த மூட்டைத் தேயிலையில்தான். அதை வாங்கிப் போகிறவர்கள் சில்லறை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, இலை நன்றாக இருந்தது என்று இதுவரை ஒரு ஜீவன் சொன்னதில்லை.

சின்ன மாப்பிள்ளை வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. வந்தவர் சும்மா இருந்தாரா? "பருவத் தேயிலை" என்று ஒன்றைக் கிளப்பிவிட்டார். வசந்தம், கோடை, மழை, பனி என்று பருவத்துக்கு ஒரு தேயிலை. எங்கெங்கோ அலைந்து கொண்டுவந்து, அழகான நாலு டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு அட்டையைத் தொங்கவிட்டார். வசந்தத்தின் அட்டையில் "விடியலில் ஒரு ஜன்னல் திறக்கிறது" என்று எழுதியிருந்தது.

"டீன்னா தொண்டையில இறங்கணும். இதென்ன ஜன்னலைத் தொறக்குது?" என்று பெரிய மாப்பிள்ளை கேட்டார். மாமனார் சிரிக்கவில்லை. அட்டையை இரண்டு முறை படித்துவிட்டு, சின்ன மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். அன்று பெரிய மாப்பிள்ளையின் காதிலிருந்து வந்த புகையில் கெட்டிலே வைத்திருக்கலாம்.

அது போதாதென்று, பூங்கா ஓரத்தில் ஒரு புதுக் கடை வேறு தயாராகிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பருவத் தேயிலையை வாடிக்கையாளர்களுக்கு அறிமுகம் செய்துவிட்டு, அன்றைக்கே புதுக் கடை எந்த மாப்பிள்ளைக்கு என்று சொல்வதாக மாமனார் அறிவித்திருந்தார். பெரிய மாப்பிள்ளைக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இல்லை. ஸ்டோர் ரூமை விட்டு வெளியே வந்து, தன் கடை என்று ஒன்றில், தன் கல்லாவில் உட்கார வேண்டும். இந்த நேரத்தில் சோப்பு விஷயம் வெளியே வந்தால் புதுக் கடையும் போகும், பழைய ஸ்டோர் ரூமும் போகும்.

சோப்புத் துண்டுகளை எடுத்தெறிந்துவிட்டு, நாலு டப்பாவையும் துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். மொட்டை மாடியில் நாலு செய்தித்தாளை விரித்து, நாலு பருவத்தையும் தனித்தனியாகக் கொட்டிப் பரப்பினார். நல்ல வெயில். ஒரு மணி நேரத்தில் சோப்பு பறந்துவிடும் என்று கணக்குப் போட்டார்.

கீழே கொழுந்தியாளின் குரல் கேட்டது. சின்ன மாப்பிள்ளையின் மனைவி அக்காவைப் பார்க்க வந்திருந்தாள். ஏதோ புதுக் கடையைப் பற்றிய பேச்சு. பெரிய மாப்பிள்ளையின் கால்கள் தானாகப் படியிறங்கின.

"திரைச்சீலைக்கு இளம்பச்சை எடுக்கலாம்னு இருக்கேன் அக்கா. கல்லா நாற்காலிக்கு மெத்தை வைக்கச் சொல்லணும். அவருக்கு முதுகு வலி வேற."

"இன்னும் யாருக்குன்னே அப்பா சொல்லலையேடி" என்றாள் அக்கா.

"சொல்லலைதான். சும்மா பாத்து வச்சுக்கறேன்."

மெத்தை. அவருக்கு மெத்தை. இத்தனை வருடம் தேயிலை மூட்டை மேல் உட்கார்ந்தவருக்கு முதுகே கிடையாது போலிருக்கிறது. பெரிய மாப்பிள்ளை கதவோரம் நின்று, மெத்தையின் நிறம், திரைச்சீலையின் நீளம், கடை வாசலில் வைக்கப் போகும் பூந்தொட்டிகள் என்று அத்தனையையும் வயிறெரியக் கேட்டார். கேட்கக் கேட்க எரிந்தது. எரிய எரியக் கேட்டார். மேலே காற்று அடிக்க ஆரம்பித்ததைக் கவனிக்கவில்லை.

மாடிக்குத் திரும்பியபோது நாலு செய்தித்தாளும் ஒரு மூலையில் கிடந்தன. தண்ணீர்த் தொட்டியின் அடியில் வசந்தமும் கோடையும் மழையும் பனியும் ஒரே குவியலாகச் சேர்ந்து கிடந்தன.

சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார். நீளமாக இருந்தது வசந்தமா, பனியா? ஒரு பிடி அள்ளி உற்றுப் பார்ப்பதற்குள் கண் வலித்தது. கடைசியில் கண்ணளவில் நாலு பங்கு போட்டு, நாலு டப்பாவில் அடைத்தார். முகர்ந்தார். சோப்பு அப்படியே இருந்தது.

சாயங்காலம் இருப்புச் சட்டியை அடுப்பில் வைத்து இளஞ்சூட்டில் வறுத்தார்.

"அடுப்படியில உங்களுக்கு என்ன வேலை?" என்றபடி மனைவி வந்தாள்.

"ஒண்ணுமில்ல. இலையில கொஞ்சம் ஈரம் இருக்கு, அதான்."

"என் தங்கச்சி திரைச்சீலைக்கு அளவெடுத்துட்டுப் போறா. நீங்க அவ புருஷன் டீத்தூளுக்கு ஈரம் எடுத்துக்கிட்டு இருங்க. உங்களை மாதிரி ஒரு நல்ல மனுஷன் எங்கயும் கிடைக்க மாட்டார்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வறுத்தார்.

"அது சரி, மத்தியானம் பூண்டு வதக்கின சட்டியாச்சே. கழுவினீங்களா?"

அவர் கழுவவில்லை. சனிக்கிழமை காலை திறந்து பார்த்தபோது, குளித்து முடித்த கையோடு பூண்டு உரித்த மாதிரி ஒரு வாசனை வந்தது. வேறு வழி தெரியாமல் மனைவியின் அலமாரியில் இருந்த பன்னீரை எடுத்துத் தெளித்து, மின்விசிறிக்கு அடியில் காயவைத்தார். இப்போது சலூனுக்குள் யாரோ சமையல் செய்த மாதிரி ஆகிவிட்டது.

டப்பாக்களை வரிசையாக வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். திடீரென்று அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. நாம் எதற்கு இதை நன்றாக்கப் பாடுபடுகிறோம்? வாங்கி வந்தவர் சின்னவர். அட்டை எழுதியவர் சின்னவர். நாளைக்கு ஊர் கூடி முகம் சுளித்தால், சரக்கே இப்படித்தான் வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போச்சு. முதல் முறையாக அந்த வாரத்தில் அவருக்கு வயிறு குளிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டப்பாக்களைக் கொண்டுபோய்க் கெட்டில் அக்காவிடம் கொடுத்தார். கடையின் பின்கட்டில் கெட்டிலும் கோப்பைகளும் அவள் ராஜ்யம். வருகிறவர்களுக்கு ருசி பார்க்கக் கொடுக்கும் டீயைப் போடுவது அவள்தான்.

"இதைப் போடறதுல ஏதாவது பக்குவம் இருக்கா? சின்னவரைக் கூப்பிட்டுக் கேட்டுடட்டுமா?" என்றாள்.

"ஐயையோ, அவரைக் கூப்பிடாதீங்க. பாவம், பதற்றத்துல இருக்காரு. மாமாகிட்டயும் போகாதீங்க, வேலையா இருக்காரு. எதுவா இருந்தாலும் யாரையும் கேக்காம நீங்களே பாத்துச் செஞ்சுடுங்க."

"சரி விடுங்க, நானே பாத்துக்கறேன்" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கடை நிறையக் கூட்டம். பல் டாக்டர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், எதிர்வீட்டு அம்மாள் எல்லோரும் வந்திருந்தார்கள். சின்ன மாப்பிள்ளை புதுச் சட்டையில் நின்று, குரல் நடுங்கப் பருவத் தேயிலையை அறிமுகம் செய்தார். முதல் கோப்பை வசந்தம். வெளிர் பொன்னிறத்தில் வந்தது. பெரிய மாப்பிள்ளை தூணில் சாய்ந்துகொண்டு, முகங்கள் கோணப் போவதைப் பார்க்க வசதியாக இடம் பிடித்தார்.

தலைமை ஆசிரியர் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"அடடா" என்றார். "நிஜமாவே ஒரு ஜன்னல் தொறந்த மாதிரி இருக்கு."

பெரிய மாப்பிள்ளைக்குத் தன் காதில்தான் கோளாறோ என்று தோன்றியது.

கோடை வந்தது. பல் டாக்டர் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினார். மழை வந்தது. எதிர்வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சின்ன வயசுல பள்ளிக்கூடம் விட்டு நனைஞ்சுகிட்டே வந்தது ஞாபகம் வருது" என்றாள். பனி வந்தது, கறுத்துக் கெட்டியாக. குடித்த ஒருவர் மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நாலும் ஒரே குவியல் என்பது பெரிய மாப்பிள்ளைக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து கூட்டி அள்ளியவரே அவர்தானே. சோப்பு, பூண்டு, பன்னீர். அதைக் குடித்துவிட்டு ஆளாளுக்கு உருகுகிறார்கள். சின்ன மாப்பிள்ளை தொட்டால் பூண்டும் மணக்கிறது. இவர் வருடக்கணக்காகப் பொறுக்கிப் பொறுக்கி வாங்கிய இலையைக் குடித்தபோது இவர்களுக்கு ஒரு ஜன்னல் திறந்ததா? ஒரு ஓட்டையாவது திறந்ததா? அவருக்குப் பொறாமையில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரம் பார்த்துச் சின்ன மாப்பிள்ளை ஒரு கோப்பையுடன் எதிரே வந்து நின்றார்.

"அண்ணே, நீங்க இன்னும் குடிக்கலையே. இத்தனை பேர் சொன்னாலும் உங்க வாயால ஒரு வார்த்தை வந்தாத்தான் எனக்கு நிம்மதி."

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மாமனாரும் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கையில் புதுக் கடைச் சாவி மின்னியது.

பெரிய மாப்பிள்ளை ஒரு வாய் குடித்தார். நன்றாக இருப்பது போலக்கூட இருந்தது. அந்த நினைப்பு வந்ததும் இன்னும் எரிந்தது. கோப்பையை டக்கென்று மேஜை மேல் வைத்தார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இது டீயே இல்ல. கழனித் தண்ணி."

சின்ன மாப்பிள்ளையின் முகம் செத்துப் போனது.

"என்ன மாப்பிள்ளை, இவ்வளவு பேர் நல்லா இருக்குங்கறாங்களே" என்றார் மாமனார்.

"அவங்க அட்டையைப் படிச்சுட்டுக் குடிக்கறாங்க. எனக்கு அட்டை தேவையில்ல. இத்தனை வருஷம் முகர்ந்த மூக்கு இது. இந்த இலையை வாங்கின ஆளுக்கு இலையும் தெரியாது, தொழிலும் தெரியாது. அந்த ஆளை நம்பிக் கடையை விட்டா ஒரே மாசத்துல ஷட்டரை இறக்கணும்."

மாமனார் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"இந்த இலையை வாங்கினவருக்குத்தான் புதுக் கடைன்னு முடிவு பண்ணி, சாவியைக் கையோட கொண்டு வந்தேன்."

"அந்தத் தப்பை மட்டும் பண்ணிடாதீங்க மாமா. யாருக்கு வேணா குடுங்க. இதை வாங்கின ஆளுக்கு மட்டும் குடுக்காதீங்க."

"நிச்சயமாத்தான் சொல்றீங்களா?"

"இத்தனை பேர் முன்னாடி சொல்றேன். இதுக்கு மேல என்ன நிச்சயம் வேணும்?"

மாமனார் பெருமூச்சு விட்டார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சரி. உங்க மூக்கை நம்பித்தான் இத்தனை வருஷமா கடை ஓடுது, இப்ப மட்டும் நம்பாம இருப்பேனா? இதை வாங்கினவருக்குப் புதுக் கடை கிடையாது. எல்லார் முன்னாடியும் நானும் சொல்லிட்டேன், இனி இந்தப் பேச்சு மாறாது."

சின்ன மாப்பிள்ளை தலைகுனிந்து நின்றார். பெரிய மாப்பிள்ளைக்கு நெஞ்சு விம்மியது. என் மூக்கை நம்பி என்று சொல்லிவிட்டாரே. இளம்பச்சைத் திரைச்சீலைகூட இப்போது அவருக்குப் பிடித்திருந்தது.

எதிர்வீட்டு அம்மாளுக்கு இந்தக் குடும்ப விவகாரம் எதுவும் பிடிபடவில்லை. "அவர் என்னமோ சொல்லிட்டுப் போகட்டும், எனக்கு இந்த மழை அரைக் கிலோ வேணும்" என்று பையை விரித்தாள். எனக்கு எனக்கு என்று இன்னும் நாலு பேர் கை நீட்டினார்கள்.

மாமனார் பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, டப்பாவுல மிச்சம் இருக்கறதைக் கொண்டு வா."

கெட்டில் அக்கா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"அந்த நாலு டப்பாவும் தொறந்ததுமே குமட்டுச்சுங்க, அப்பவே குப்பையில கொட்டிட்டேன்; காலையிலேர்ந்து இவங்க குடிச்சது பூரா நம்ம பெரிய மாப்பிள்ளை வாங்கிப் போட்ட மூட்டை இலைதான், ஒரு கெட்டில்ல கம்மியாப் போட்டேன், இன்னொண்ணுல ஜாஸ்தியாப் போட்டேன், அவ்வளவுதான்."