சம்பந்தி கொடுத்த ட்யூப் டிவி

ஹாலிஎல சம்பந்தி சிவஞானம் அவர்களுக்கு,

நமுனுகுலத் தோட்டத்திலிருந்து மாடசாமி வணக்கத்தோடு எழுதுவது. இங்கு மழையும் அட்டைக்கடியும் அமோகம். நாங்கள் அளவான சுகம். அங்கு எல்லோரும் நலமாயிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

விஷயம் நன்றிதான். என் சம்சாரம் ரெங்கம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துபோனது உங்களுக்குத் தெரியும். அமுக்கிப் பழக டாக்டர் கொடுத்த ரப்பர் பந்தை அவள் நாய்க்குப் போட்டுவிட்டாள். முப்பது வருஷம் கொழுந்து பறித்த கை சும்மா கிடக்கலாமா என்று உங்கள் மருமகன் நிஷாந்த், கேம் கடைகளில் நின்றுகொண்டே விளையாடுவார்களே, அந்த மாதிரி ஆளுயரப் பெட்டி ஒன்றைப் பலகையில் அடித்து, எங்கள் புதுத் தட்டை டிவியை அதற்குள் வைத்தான். இவள் பட்டனை அமுக்கினால் சற்றுத் தாமதித்தே பொம்மை குதித்தது. "என் கை செத்துப்போச்சுங்க" என்று உட்கார்ந்து அழுதுவிட்டாள். நிஷாந்த்தான் கண்டுபிடித்தான்: "கை இல்லம்மா, டிவிதான் லேட்டு. பழைய ட்யூப் டிவின்னா அமுக்குன உடனே குதிக்கும்."

பிறகு நான் அலைந்த அலைச்சல்! அளவு டேப்பும் கையுமாக வீடு வீடாகப் போனேன். ஸ்பிரிங்வெளியில் கிடைத்தது பதினாலு இஞ்சி டிவி. கண்ணாடி போட்டும் இவளுக்குத் தெரியவில்லை. பதுளையில் றுமைஸா டீச்சர் கொடுத்தது இருபத்தொன்பது இஞ்சி. நாலு பேர் தூக்கியும் எங்கள் லயத்து வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை, டீயைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுபோனோம். கடைசியில் நீங்கள்தான் இருபத்தொரு இஞ்சி டிவியை, ஆயுத பூஜைச் சந்தனப் பொட்டோடு, "எங்க வீட்டுப் புள்ள மாதிரிங்க, பத்திரம்" என்று கண் கலங்கிக் கொடுத்தீர்கள். ஆட்டோவில் சீட் முழுக்க அதற்கு, விளிம்பு எனக்கு. ஒரு கீறல் இல்லை. இப்போது ரெங்கம்மா, வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்குப் போவதுபோல் விடிந்ததும் பெட்டி முன் நிற்கிறாள். நேற்று நிஷாந்தையே தோற்கடித்துவிட்டுச் சிரிச்சா பாருங்க சம்பந்தி, அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டு மாசமாச்சு. எல்லாம் உங்க டிவி புண்ணியம். இந்த நன்றியை நான் எப்படித் தீர்ப்பேன்?

வீட்டம்மாவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும்.

இப்படிக்கு,
மாடசாமி

பி.கு.: அண்ணே, நான் ரெங்கம்மா. இவரு தபால் முத்திரை வாங்கப் போயிருக்காரு. உங்க டிவி எங்க வாசல்ல இறக்குறப்பவே இவரு கையில இருந்து நழுவி ஒடஞ்சுபோச்சு. சொல்லப் பயந்துகிட்டு உங்க மக தனுஜாவையும் வாயத் தொறக்க விடல. பெட்டிக்குள்ள ஓடுறது எங்க பழைய டிவி. துணி போர்த்தி, புது டிவிக்கு ஸ்டாண்டா அடியிலயே கெடந்துச்சு. ஊரெல்லாம் தேடுனவருக்கு அது கண்ணுல படல. சந்தனப் பொட்டு மட்டும் அதுக்குப் புதுசா வச்சுவிட்டாரு. கோவிச்சுக்காதீங்க. எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துப் படிங்க. வலது கையாலதான் எழுதுறேன்.