இரண்டாவது சாவி

கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவர்களுக்கு என்னிடம் ஓர் இலவச ஆலோசனை உண்டு. வசனம் பேசுங்கள், நாற்காலியைத் தள்ளுங்கள், கதவைக்கூட அறைந்து சாத்துங்கள். ஆனால் வாசலைத் தாண்டும் முன் சட்டைப் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் செய்யாததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திண்டுக்கல்லில் எழுபது பேரைப் பட்டினி போட்டவன் நான். அந்த எழுபது பேரில் ஒருவர், எனக்குப் பெண் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்திருந்தவர்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. எங்கள் பகுதிக் கால்பந்து அணியான செங்கழுகு கிளப்பின் ரசிகர் மன்றச் செயலாளர். (பந்தை உதைக்கத் தெரியாதவர்களுக்காகவே கண்டுபிடிக்கப்பட்ட பதவி அது.) சீசன் முடிந்ததும் அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரரை ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது எங்கள் வழக்கம். கேடயம், பொன்னாடை எல்லாம் கிடையாது. ஜெயித்தவர் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறந்து தம் உடைப்பார். முதல் தட்டு அவருக்கு, அப்புறம்தான் மற்றவர்களுக்கு. மூடியைத் திறந்ததும் குப்பென்று கிளம்பும் ஆவியில் முகம் காட்டி நிற்பதைவிடப் பெரிய விருது எங்கள் ஊரில் இல்லை.

முந்தைய வருடம் ஒரு தப்பு நடந்துவிட்டது. மழை வரும்போல இருக்கிறதே என்று பிரியாணியையும் தொட்டுக்கொள்ளத் தால்சாவையும் முதலில் பரிமாறிவிட்டோம். சாப்பிட்டுக் கை கழுவப் போனவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெட்டியில் ஒன்பது சீட்டுதான் விழுந்தது. அதிலும் ஒன்றில் 'தால்சா சூப்பர்' என்று எழுதியிருந்தது.

ஆகவே இந்த முறை செயலாளர் மூளையைக் கசக்கினார். பிரியாணியை கிளப்பின் சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிடுவது, ஓட்டு எண்ணி முடித்த பிறகே திறப்பது. பூட்டு என் சித்தப்பா பட்டறையில் செய்தது. (திண்டுக்கல்காரன் பூட்டுக்கு வேறு ஊருக்கா போவான்?) இரண்டு சாவிகளையும் போட்டுத் திருப்பினால்தான் திறக்கும் ரகம். ஒரு சாவி அப்பாஸிடம், இன்னொன்று என்னிடம். அப்பாஸ் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், தோல் மண்டி வைத்திருப்பவன். அவன் கோல்கீப்பர் அந்தோணியின் கட்சி. நான் கோல் மழை பொழிந்த காதரின் கட்சி. ஒரு கட்சிக்குத் தெரியாமல் இன்னொரு கட்சி தேக்சாவை நெருங்க முடியாது. இப்படி ஒரு யோசனை உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது என்று நினைத்தேன். அது உண்மைதான்.

இதற்கிடையில் எனக்கு ஒரு வரன் வந்திருந்தது. பெண் பெயர் பிலோமினா. பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, கல்லூரி நாட்களில் கால்பந்து ஆடியவள். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண் அமைந்தால் வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக மாதாவிடம் சொல்லியிருந்தேன். அவள் அப்பா அருளானந்தம் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர். அவருக்கு என் சம்பளம், குடும்பம் எல்லாம் திருப்தி. "பையன் முன்கோபின்னு கேள்விப்பட்டேன். நானே நேர்ல பார்த்துக்கிறேன்" என்று சொல்லி, எங்கள் ஓட்டெடுப்புக்குச் சிறப்பு விருந்தினராக வரச் சம்மதித்துவிட்டார். மகளையும் அழைத்து வருகிறாராம்.

அன்று காலை பூசை முடிந்து வரும் வழியெல்லாம் அம்மா மன்றாடினாள்.

"ஏலே சகாயம், யாரு என்ன சொன்னாலும் 'சரிங்க'ன்னு மட்டும் சொல்லு. செத்த நேரம் மனுசனா இருந்துட்டு வந்துருடா. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

"நான் எப்பம்மா கோவப்பட்டேன்?" என்று கோபமாகக் கேட்டேன்.

பதினொன்றரைக்கு விவாதம் ஆரம்பித்தது. முதல் வரிசையில் டிரில் மாஸ்டர், முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிலோமினா. போட்டோ அவளுக்குத் துரோகம் செய்திருக்கிறது என்று தெரிந்தது. நேரில் இன்னும் அழகு. எனக்குக் கை கால் ஓடவில்லை, வாய் மட்டும் ஓடியது. காதரைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். அவன் இடது காலைப் பற்றி மட்டும் எட்டு நிமிடம்.

அப்பாஸ் எழுந்தான். "கோல் போடுறவனுக்கு ஒருநாள் சரியில்லைன்னா சும்மா நின்னுட்டு வரலாம். கோல்கீப்பரு அப்பிடி நின்னா நம்ம கதி என்னாகும்? அரையிறுதியில ரெண்டு பெனால்டிய யாரு புடிச்சது?"

"கோலே போடாம, கோல்கீப்பர மட்டும் நிறுத்தி வச்சுக் கப்பு வாங்குன கிளப்ப எனக்குக் காட்டு பாப்போம்!" என்றேன் நான்.

இந்த இடத்தில் காதரே எழுந்து, "அண்ணே, அந்தோணிக்கே குடுத்துருங்கண்ணே. எனக்குப் பசிக்குது" என்றான். "நீ உக்காரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவனை அதட்டி உட்கார வைத்தேன். அந்தோணி அந்தப் பக்கம் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தான்.

அப்பாஸ் கடைசி அம்பை எடுத்தான். "மாப்ள, பந்தப் பத்தி நீ பேசலாமா? பள்ளிக்கூடத்துல நாங்க விளையாடுறப்ப நீ எந்த இடத்துல நின்ன? கோட்டுக்கு வெளிய, எங்க செருப்புக்குக் காவலு!"

மன்றமே சிரித்தது. அதை நான் பொறுத்திருப்பேன். பிலோமினாவும் சிரித்தாள். அவமானத்தில் காது சூடாகிவிட்டது. அம்மா சொன்ன 'சரிங்க' எங்கே போனதென்று தெரியவில்லை.

"மரியாதையில்லாத எடத்துல இந்த சகாயராஜ் நிக்க மாட்டான். இனிமே இந்த கிளப் வாசல மிதிச்சா என்னன்னு கேளுங்க!" என்று முழங்கிவிட்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு, பைக்கை உதைத்துக் கிளம்பினேன். ஓட்டுக்கூடப் போடவில்லை. கோபித்துக்கொண்டு போகிறவனைத் தொடர்புகொள்ள முடியக்கூடாது என்பதால் போனையும் அணைத்துவிட்டேன்.

வண்டி செம்பட்டியில் போய்த்தான் நின்றது. அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. டீ சொன்னேன். இரண்டு வடை தின்றேன். எல்லாம் போச்சு, பிலோமினாவும் போச்சு என்று நினைத்தேன். மூன்றாவது வடையும் தின்றேன். அதன் பிறகு, யாராவது வருத்தப்பட்டிருப்பார்களா என்று போனைப் போட்டுப் பார்த்தேன்.

நாற்பத்து மூன்று அழைப்புகள் தவறியதாகச் செய்தி!

என் நெஞ்சு நிமிர்ந்தது. பார்த்தாயா, நானில்லாமல் அவர்களால் முடியவில்லை! கையிலேயே போன் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று அடிக்கவிட்டு ரசித்தேன். ஐந்தாவது அழைப்பில்தான் இரக்கப்பட்டு எடுத்தேன்.

"சொல்லு அப்பாஸ். மன்னிப்புக் கேட்டா யோசிக்கிறேன்."

"மன்னிப்பு கெடக்கு, எடுபட்ட பயலே! சாவி எங்கலே?"

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவி இருந்தது. அதைச் சுற்றி, காதர் என்று எழுதி மடித்து வைத்திருந்த என் ஓட்டுச் சீட்டும் இருந்தது.

"செம்பட்டியில இருக்கேன், இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்த வேகத்தைச் சொன்னால் லைசென்சைப் பிடுங்கிவிடுவார்கள். நான் போய் நிற்கையில் மணி இரண்டேமுக்கால். கிளப் வளாகம் துக்க வீடு மாதிரி இருந்தது. சாமான் அறை இரும்புக் கதவின் முன்னால் சுத்தியலின் தலை ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம் கிடந்தது. சன்னல் வழியாக வாசனை மட்டும் தாராளமாக வந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு கூட்டம் கண்ணை மூடி நின்றது. பூட்டைத் திறக்க வரவழைக்கப்பட்ட என் சித்தப்பா, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி பூரித்துப் போயிருந்தார்.

"ஒரு சாவிய வச்சு நானே தெறக்க முடிஞ்சா அது என்னடா பூட்டு? பாத்தீங்களா, சுத்திக்கே மசியல!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை யாரும் அடிக்காதது எங்கள் ஊர்க்காரர்களின் பெருந்தன்மை.

ஆட்டக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தார்கள். வாசலில் போன ஆயக்குடிக் கொய்யா வண்டியை நிறுத்திக் கூடையோடு வாங்கிப் பகிர்ந்து கொடுத்தது பிலோமினாவாம். கடைசிப் பழத்தை என்னிடம் நீட்டினாள். எல்லோரும் பார்க்கத் தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டேன். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

நானும் அப்பாஸும் தோளோடு தோள் உரச நின்று இரண்டு சாவிகளையும் திருப்பினோம். பூட்டு 'டக்'கென்று திறந்தது. அந்தோணி மூடியைத் திறந்தான். ஆவி வரவில்லை. பிரியாணி ஆறிப்போயிருந்தது. ஆனாலும் கைதட்டல் பிரமாதமாக இருந்தது, எனக்குத்தான் யாரும் தட்டவில்லை. அந்தோணி ஜெயித்தது ஒரே ஓட்டில் என்று அப்போதுதான் சொன்னார்கள். என் பையிலிருந்த சீட்டு விழுந்திருந்தால் சமம். சமமானால் இருவரும் சேர்ந்து தம் உடைக்கலாம் என்று விதி எழுதி வைத்திருந்தவனும் நானே.

பரிமாறும்போது தைரியத்தைத் திரட்டி பிலோமினாவிடம் கேட்டேன். "நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"அந்தோணிக்கு. உங்க பேச்சக் கேக்குற வரைக்கும் காதருக்குத்தான் போடலாம்னு இருந்தேன்" என்றாள்.

டிரில் மாஸ்டர் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனார். நான் வேளாங்கண்ணி நடைப்பயணத்தை மனதில் ரத்து செய்துவிட்டுப் படுத்துக்கிடந்தேன். மூன்றாம் நாள் சம்மதம் என்று சொல்லியனுப்பினார்கள். நம்ப முடியாமல் அம்மா இரண்டு முறை போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டாள்.

காரணம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. முடியாது என்று அப்பா சொன்னபோது மகள் சொன்னாளாம்: "கோவம் வந்தா செம்பட்டி வரைக்கும்தான்ப்பா போறாரு. கூப்பிட்டா வந்துடுறாரு. வந்து, எல்லார் முன்னாடியும் தலையக் குனிஞ்சு நின்னாரு பாருங்க, அது போதும்." (வேளாங்கண்ணிக்கு நடந்துவிட்டேன். கால் கொப்புளத்துக்கு அவள்தான் மருந்து போட்டாள்.)

ஏழு வருடம் ஆகிறது. அந்தப் பூட்டைச் சித்தப்பா கல்யாணப் பரிசாகக் கொடுத்தார். அது எங்கள் வீட்டுப் பீரோவின் மேல் இருக்கிறது. மாமனார் போன் செய்தால் "மாப்பிள்ளை வீட்டுல இருக்காரா, செம்பட்டி போயிருக்காரா?" என்றுதான் கேட்பார். எனக்கும் இன்னும் கோபம் வரத்தான் செய்கிறது. நாற்காலியைத் தள்ளுகிறேன், வசனம் பேசுகிறேன், செருப்பை மாட்டுகிறேன். பிலோமினா தலையைக்கூடத் திருப்பாமல் உள்ளங்கையை நீட்டுவாள்.

"சாவிய வச்சுட்டுப் போங்க."

வீட்டுச் சாவியும் பைக் சாவியும் ஒரே வளையத்தில் கிடக்கின்றன. அதை அவள் கையில் வைத்துவிட்டால் வண்டி கிளம்பாது. எனவே ஏழு வருடமாக நான் வாசல்வரை கோபித்துக்கொண்டு போய்விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, சாப்பிட வந்து உட்காருகிறேன்.